மைதானத்துக்கு வெளியே லொரேன்

லொரேன் ஹோல்ராய்ட் எப்போதும்போல் பேருந்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உதை கொடுத்தார். முன்கண்ணாடியில் காய்ந்திருந்த பறவை எச்சத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு இருக்கையில் ஏறி, காலணியைக் கழற்றிவிட்டு, வண்டி ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் பழைய டென்னிஸ் ஷூவை மாட்டிக்கொண்டார். மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அது. ஸ்கெல்பியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட எல்லோரும் ஏறியாயிற்று. கதவை மூடப்போன நேரத்தில், கோட்டும் டையுமாக, மார்பில் வெள்ளை ரோஜாவோடு காலின் ஓடிவந்தார்.

வண்டிக்குள் ஒரே ஊளை.

“மாப்ள வந்துட்டாருடோய்!”

“யோவ், மாப்ள இல்லைய்யா, மாமனாரு!”

காலினின் மகளுக்கு அன்று கல்யாணம். சனிக்கிழமைகளில் கால்பந்து ஆட்டம் இருக்கும் என்று முன்யோசனையோடு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மண்டபம் பிடித்தவர் அவர். தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தைத் தூக்கி ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மனிதர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னால் துக்கம் விசாரித்ததைப்போல் தலையாட்டுவார்.

ஜன்னல் வழியாகத் தன் டிக்கெட்டை லொரேனிடம் நீட்டினார். “எனக்குத்தான் கொடுத்து வைக்கல. இந்தா, நீ உள்ள போய்ப் பாரு. ஆசை ஆசைன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே.”

“போடா, பொண்ணு தேடப்போகுது” என்ற லொரேன், டிக்கெட்டை வாங்கி வெயில் மறைப்புக்குள் செருகிக்கொண்டார். மெதுவாகத்தான் செருகினார்.

“இன்னைக்கு என்ன ஸ்கோரு?”

“மூணு பூஜ்யம். நமக்குத்தான் பூஜ்யம்.”

“நல்ல வார்த்தை சொன்ன” என்று நிம்மதியாகப் போனார் காலின். வெற்றி என்று வாய்விட்டுச் சொன்னால் தோற்றுவிடுவோம் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஸ்கெல்பி அணி வெளியூரில் ஆடும்போதெல்லாம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போவது லொரேனின் வேலை. பத்தொன்பது வருடங்களாகப் போகிறார். ஓர் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் எங்கோ ஒரு வண்டியின் கண்ணாடி உடைந்ததால், ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக்கூடாது என்று முதலாளி விதி போட்டார். முதலாளி மாறி விதியும் போய்விட்டது. அதற்குள் ரசிகர்கள் அதைத் தங்கள் விதியாக்கிவிட்டார்கள். லொரேன் வெளியே இருந்தால்தான் அணிக்கு நல்லது.

அதனால் இங்கிலாந்து முழுவதையும் அவர் சுவருக்கு வெளியிலிருந்தே அறிவார். எந்த ஊரில் புறாக்கள் தொல்லை, எந்த ஊரில் வண்டி நிறுத்துமிடம் சாய்வானது, எங்கே கழிப்பறையில் வெந்நீர் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் பல வருடம் பல தேசங்களில் சுற்றிவிட்டு அந்தக் குளிர்காலத்தில்தான் ஊர் திரும்பியிருந்தேன். முதல் பயணத்திலேயே அவர் இருக்கைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: “உலகம் பூரா சுத்திட்டு வந்தியாமே கண்ணு, பஸ் ஸ்டாண்டு எந்த ஊர்ல நல்லா இருக்கு?” நான் யோசித்து ஒரு பெயர் சொன்னேன். “கூரை உண்டா?” என்றார். இல்லை என்றேன். அந்த தேசத்தின் மேல் அவருக்கிருந்த மரியாதை அத்தோடு போயிற்று.

வார இறுதியை அவர் எதிர்பார்க்கும் விதமே தனி. வியாழக்கிழமை மாலை வெண்டியின் மீன் வறுவல் கடையில் ஊரே கூடி வரப்போகும் ஆட்டத்தை அலசும். யாருக்குத் தொடையில் பிடிப்பு, யாரை முன்னால் இறக்கலாம், நடுவர் போன தடவை செய்த அக்கிரமம் என்ன என்று பேச்சு ஓடும். லொரேன் வரிசையில் நின்றபடி ஃபோனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். “தென்மேற்குக் காத்து. நல்லாக் கேக்கும்” என்பார். வெண்டி வினிகர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே, “எங்களுக்கெல்லாம் கோல்கீப்பர் கவலை, இவளுக்குக் காத்துக் கவலை” என்பார்.

காற்றை வைத்துத்தான் லொரேன் ஸ்கோரைக் கண்டுபிடிப்பார். வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் எழும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார். “அவங்க கோல் போட்டா நாலா பக்கமும் இடி இடிக்கும். நாம போட்டா முதல்ல ஒரு அமைதி. அப்புறமா ஒரு மூலையில மட்டும் எலி கத்துற மாதிரி நீங்க கத்துவீங்க.” இப்படிக் கணக்குப் போட்டு, நாங்கள் திரும்பி வருவதற்குள் ஒரு பாட்டைத் தயாராக வைத்திருப்பார். வென்றால் ஆட்டப் பாட்டு. தோற்றால் எதுவும் கிடையாது, இன்ஜின் சத்தம் மட்டும்.

பாதி நேரம் கணக்குத் தப்பும். கோல் விழுந்த பிறகு வீடியோ பார்த்து அதை ரத்து செய்யும் வழக்கம் வந்ததிலிருந்து அவர் பாடு திண்டாட்டம். ஒருமுறை எங்கள் கோல் ஒன்றை ரத்து செய்துவிட்டார்கள். தோற்றுப்போய், மழையில் நனைந்து, இழவு வீட்டு முகத்தோடு நாங்கள் ஏறினால் வண்டிக்குள் காது கிழியும் கல்யாணப் பாட்டு. லொரேன் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கொல்லன் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெர்னார்ட், சகுனம் தப்பினாலே முகம் சிவந்துவிடும் மனிதர், அன்று வீடு வந்து சேரும்வரை பேசவேயில்லை.

லொரேனுக்கு இந்த லண்டன் பயணம்தான் கடைசி. மூட்டுவலி. ஜூனில் வேலையை விடுகிறார். அதற்குள் ஒரே ஒரு தடவை உள்ளே போக வேண்டும் என்பது அவர் ஆசை. பந்தைப் பார்க்க அல்ல. “போறப்ப ஒரு மாதிரி போறீங்க. வர்றப்ப வேற ஆளா வர்றீங்க. நடுவுல உங்களுக்கு என்னதான் ஆகுது? அதை ஒரு தடவை பாத்துட்டா போதும் எனக்கு” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. முந்தின நாள் புள்ளிப் பட்டியலில் எங்களுக்குக் கீழே இருந்த அணிகள் தோற்றுத் தொலைத்திருந்தன. லண்டனில் ஒரு டிரா செய்தால் போதும், கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் அடுத்த வருடமும் பிரீமியர் லீக்கில் இருப்போம். தோற்றால் கடைசி வாரம் வரை வயிற்றில் நெருப்பு. நெடுஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில், காலின் கொடுத்த டிக்கெட்டைப் பற்றிய விவாதம் பின்வரிசைவரை பரவிவிட்டது. பெர்னார்ட் நடைபாதையில் எழுந்து நின்றார்.

“லொரேன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இன்னைக்கு உள்ள வரக்கூடாது. ஒரு தடவை அவசரத்துக்கு மைதானத்துக் கழிப்பறைக்குப் போனா, ஞாபகம் இருக்கா? அந்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கோல் வாங்கினோம்.”

“அப்ப நம்ம கோல்கீப்பர் எங்கய்யா போயிருந்தான்? அவனும் கழிப்பறைக்கா?” என்றார் வெண்டி.

“சிரிக்கிற விஷயமில்ல வெண்டி.”

“பத்தொன்பது வருஷமா உன்னைத் தூக்கிச் சுமந்தவ. ஒரு நாள் பார்த்துட்டுப் போகட்டுமே. உன் தலையில இருக்கிற தொப்பிய மாத்தினா நமக்கு அதிர்ஷ்டம் வராதா?”

“தொப்பிய ஏன் இழுக்கிற?”

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். உள்ளே விடலாம் என்று வெண்டியும் நானும் இன்னும் சிலரும் தூக்கினோம். கூடாது என்று எழுந்த கைகள் பின்கண்ணாடியை மறைத்தன.

“சரி, சரி. நான் வண்டியிலயே இருக்கேன்” என்றார் லொரேன். “கையை இறக்குங்க, பின்னாடி லாரி வருதான்னு தெரியல.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் காதுமடல் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது, “நீங்க பாட்டுக்கு வாங்க, யாரு பாக்கப்போறா?” என்றேன்.

“நாப்பது பேரு நிம்மதி கண்ணு. இன்னைக்குத் தோத்துட்டா, நான்தான் காரணம்னு ஆயுசுக்கும் நினைப்பானுங்க. அந்தப் பேரோடயா வேலையை விடுறது?”

லண்டனில் வண்டியை நிறுத்தியதும் நாற்காலியை விரித்தார், பிளாஸ்க்கைத் திறந்தார், எங்களைக் கையசைத்து அனுப்பினார். திரும்பிப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தைச் சொல்ல இங்கே இடமில்லை, எனக்குச் சரியாக நினைவுமில்லை. முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். முடியப்போகும் நேரத்தில், எங்கள் பையன் ஒருவனின் முதுகில் பட்டுப் பந்து உள்ளே போனது. வீடியோ பார்த்தார்கள். கை இல்லை, முதுகுதான் என்று தீர்ப்பு வந்தது. ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் பிழைத்தோம்.

திரும்பி வந்தபோது லொரேன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசில போட்டீங்க. வீடியோ வேற பாத்தானுங்க” என்றார். குரல் கரகரவென்றிருந்தது.

“எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ!” என்று வியந்தார் பெர்னார்ட். “தொண்டைக்கு என்ன ஆச்சு?”

“காத்துல உக்காந்திருந்தேன்ல.”

பெர்னார்ட் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார். “நீ வெளிய இருந்ததாலதான் பிழைச்சோம், லொரேன். எல்லாரும் கேட்டுக்கங்க, இவ வெளிய இருந்ததாலதான்!” வண்டி குலுங்கியது. காலின் கல்யாண மண்டபத்துக் கழிப்பறையிலிருந்து ஃபோன் செய்து அழுதார். லொரேன் கியரைப் போட்டார்.

ஜூலையில் எனக்கு மறுபடியும் கால் அரித்தது. கிளம்பிவிட்டேன். அக்டோபர் கடைசியில், ஜார்ஜியாவின் மலையூர் ஒன்றில், கூரையுள்ள ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது லொரேனிடமிருந்து செய்தி வந்தது. அவர் பேசுவதைப் போலவே எழுதுவார், மூச்சு விடாமல்.

“கண்ணு நல்லா இருக்கியா. இங்க வெளியூர்ல ஆடின எல்லா மேட்சும் தோல்வி. புது டிரைவர் வண்டியைப் பூட்டிட்டு உள்ள போய் மேட்ச் பாக்குறானாம், அதுதான் காரணம்னு ஊரே சொல்லுது. நேத்து பெர்னார்டும் வெண்டியும் கேக்கோட வீட்டுக்கு வந்துட்டாங்க. வர்ற சனிக்கிழமை நான் கூட வந்து வண்டியில சும்மா உக்காந்தா போதுமாம், நாற்காலி அவங்களே கொண்டு வர்றாங்களாம். பெர்னார்ட் கெஞ்சுறான். அவன் கெஞ்சி நீ பாத்திருக்கியா? உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். லண்டன்ல நான் உள்ளதான் இருந்தேன். நீங்க போனதும் வண்டியைப் பூட்டினேன், காலின் டிக்கெட்டைக் காட்டினேன், கடைசி வரிசைக்குப் பின்னாடி தூண்கிட்ட நின்னேன். பந்தை எங்க பாத்தேன், உங்களைத்தான் பாத்தேன். பெர்னார்ட் பொய்ப்பல்லைக் கழட்டிப் பையில போட்டுட்டுப் பாடுறான். வெண்டி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஒரு பாதி பூரா தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. கோல் விழுந்ததும் நீ முன்ன பின்ன தெரியாத ஒரு தடியனைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்ச. நான் கத்தின கத்துல தொண்டை போச்சு. விசில் ஊதுறதுக்குள்ள ஓடியாந்துட்டேன், மூட்டுவலி எங்க போச்சுன்னே தெரியல. இப்ப இவங்ககிட்ட என்ன சொல்ல? கேக்கை வாங்கி வெச்சுட்டேன், வர்றேன்னும் சொல்லிட்டேன். காலின்கிட்ட ரகசியமா ஒரு டிக்கெட்டுக்கும் சொல்லிட்டேன். படம் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லு.”

படத்தில், மஞ்சள் கம்பளித் தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. கழுத்துத் துணி மூக்குவரை ஏறியிருந்தது. நடுவில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கீழே ஒரே ஒரு வரி:

“ஆள் தெரியுதா?”