உப்புச் சுவரின் அந்தப் பக்கத்து ஜெபம்

என் வீட்டு நடுச்சுவர் உப்புக் கரித்தது. சும்மா சொல்லவில்லை, நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தொட்டவள் என் மனைவி ஞானம்மா. பிறகு நானும் தொட்டேன். நாற்பத்தெட்டு வயதில் சொந்த வீட்டுச் சுவரை நக்கும்படி ஆண்டவர் என்னை ஏன் வைத்தார் என்பதே இந்தச் சாட்சி.

நான் ஆம்பூர் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்கு. இருபது வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு வீடு கட்டினேன். ஒன்றில் நாங்கள். மற்றது வாடகைக்கு. கையில் காசு பத்தாததால் நடுச்சுவரைச் செங்கல்லுக்குப் பதில் மண்ணால் எழுப்பினேன். அந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் நன்றாக அனுபவித்தேன்.

குடிவந்தவன் ஏசுரத்தினம், தோல் தரகன். கிராமம் கிராமமாகப் போய் ஆட்டுத்தோல் வாங்கித் தோல் பதனிடுகிற டேனரிகளுக்குக் கொடுப்பவன். நம் சபைக்காரன்தான். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்து என்னைவிடச் சத்தமாகப் பாடுவான். தோல் வியாபாரத்தில் விலை பேசுகிற விதம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வாடகையையும் அப்படியே பேசலாம் என்றேன் நான். வேடிக்கைக்காக. துண்டுக்குள் என் ஐந்து விரலையும் பிடித்தான். மாசம் ஐந்து ரூபாய். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. விரல் மட்டும் இருந்தது. ஊரில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்று எனக்குப் பெயர். அன்று சிரித்தவன் ஏசுரத்தினம்.

ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தான். பிறகு சீமையில் தோல் விலை விழுந்தது. அவன் வாங்கி வைத்த தோலை எந்த டேனரியும் எடுக்கவில்லை. எங்கே வைத்தான் தெரியுமா? என் வீட்டில். கூடத்தில், சமையல்கட்டில், நடுச்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத்தோல். தோல் நாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன், இந்த ஊர் சோறு தின்பதே அந்த நாற்றத்தில்தான். ஆனால் அது இருக்கவேண்டிய இடம் கிடங்கு. உப்புத் தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. மண் உப்பி, பூத்து, மாவு மாதிரி உதிர்ந்தது.

அக்கம்பக்கத்தார் மனுக் கொடுத்தார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார், நோட்டீஸ் ஒட்டினார். யார் கதவில்? என் கதவில். தோல் அவனுடையது, உப்பு அவனுடையது, ஆனால் வீட்டுக்காரன் நான். தோலை அப்புறப்படுத்திச் சுவரைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு வீட்டையும் பூட்டி சீல் வைப்பதாக எழுதியிருந்தது. அன்று நான் கொல்லைக்குப் போன நடைகளை ஞானம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஏசுரத்தினத்திடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் பல் குத்திக்கொண்டே கேட்டான்.

"துண்டுக்குள்ள பேசும்போது தோல் வெக்கக்கூடாதுன்னு எந்த வெரல்ல சொன்னண்ணா?"

காலி பண்ணு என்றேன். கோர்ட்டுக்குப் போ என்றான்.

போனேன். வேலூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கச் சொன்னார். பதினைந்து நாள் அவகாசம் இருக்க வேண்டும், மாதக் கடைசியில் முடிய வேண்டும். "கெடு முடிஞ்ச பிறகு அவன்கிட்ட ஒரு காலணா வாங்கக்கூடாது. வாங்கினா நோட்டீசே செத்துப்போச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்," என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

கெடு முடிந்தது. அவன் போகவில்லை. அடுத்த வாரம் நம் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய், கோழி, நெல்லையெல்லாம் ஏலம் விடுவது வருஷாவருஷம் நான்தான் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினேன். இது கோலியாத்தின் தலை, யார் கேட்கிறீர்கள் என்று கத்தினேன். எல்லோரும் அணாவில் கேட்டுக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஏசுரத்தினம் எழுந்து ஐந்து ரூபாய் என்றான். சபையே வாயைப் பிளந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனம் திரும்பிவிட்டான் என்றே நினைத்தேன். ஓடிப்போய் அவன் கையிலிருந்து ஐந்து வெள்ளி ரூபாயை வாங்கி, எல்லோருக்கும் காட்டி, காணிக்கைப் பையில் போட்டேன். அவனைத் தட்டியும் கொடுத்தேன்.

வழக்கு போட்ட பிறகு அவன் பதில் மனு வந்தது. அந்த மாத வாடகை ஐந்து ரூபாயை முழுச் சபைக்கு முன்னால் வீட்டுக்காரர் கைநீட்டி வாங்கிக்கொண்டார், ஆகவே நோட்டீஸ் செல்லாது என்று எழுதியிருந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என் எதிரிக்கும் தரவேண்டாம்.

இன்ஸ்பெக்டர் தை பிறக்கும் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தீர்ப்பு என் பக்கம் வராவிட்டால் சீல். இருபது வருஷச் சம்பளம் ஒரு பூசணிக்காயில் போகப்போகிறது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். அவன் மேல் கோபம். நோட்டீஸை என் கதவில் ஒட்டிய சட்டத்தின் மேல் கோபம். துண்டு போட்ட என் கையின் மேல் கோபம். கேளுங்கள், மறைக்கமாட்டேன், ஆண்டவர் மேலும் கோபம். அவர் ஆலயத்தில், அவர் பண்டிகையில், அவர் பைக்குப் போன காசுதானே என் கழுத்தில் கயிறானது?

தினமும் விடியற்காலையில் நடுச்சுவர் ஓரமாக முட்டி போட்டு ஜெபித்தேன். ஜெபமா அது? ஆண்டவரே, அவன் தலையில் ஒரு இடியைப் போடும். இன்றைக்கே போடும். பெரிய இடியாகப் போடும். அவன் காதில் விழட்டும் என்றே கத்துவேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்று மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தால் மட்டும் எனக்கு இருமல் வந்துவிடும். இருமி முடிக்கும்போது ஆமென் வந்திருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. முந்தின நாள் ஏசுரத்தினத்தோடு தெருவில் போட்ட சண்டையின் பலன். குரல் எழும்பவில்லை. சும்மா முட்டி போட்டேன். அப்போதுதான் கேட்டது. சுவரோரம் ஞானம்மா வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் உப்பு தின்று தின்று சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக ஒரு பெண்குரல் வந்தது. ஏசுரத்தினத்தின் மனைவி எஸ்தர். அவளும் முட்டி போட்டிருக்கிறாள். எத்தனை நாளாகவோ. நான் போட்ட கூச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை.

"ஆண்டவரே, இந்தத் தோலுங்க வூட்ட வுட்டுப் போவணும். கொயந்தைக்கு உப்புல மெதிச்சி மெதிச்சி காலெல்லாம் புண்ணு. தோல எடுத்துடுங்க, எங்கள எடுத்துடாதீங்க. பக்கத்தூட்டு அண்ணன் தெனம் இடி கேக்கறாரு. குடுத்துடாதீங்க. ரெண்டு வூட்டுக்கும் ஒரே கூரை, அவரு தலையிலயும்தான் வுழும். அது அவருக்குத் தோணல. அவருக்குக் கொஞ்சம் நல்ல புத்தி குடுங்க."

உருகிப்போனேன் என்று எழுதினால் பொய். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. எனக்குப் புத்தி கேட்க இவள் யார்? ஞானம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் படுத்தபடியே மேலே கூரையைப் பார்த்தாள்.

"அவ சொல்றது சரிதானே. கூரை ஒண்ணுதானே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று முதல் இடி கேட்பதை நிறுத்தினேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அவள் கேட்பதற்கெல்லாம் வாய்க்குள்ளேயே ஆமென் சொன்னேன். புத்தி கேட்கிற இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

விசாரணை நாள் வந்தது. வேலூருக்கு ஒரே ரயில், ஒரே பெட்டி. எதிர்ப் பலகையில் ஏசுரத்தினம், குழந்தையோடு எஸ்தர். பணம் கைமாறியதைக் கண்ணால் பார்த்தவள் என்று அவளையே சாட்சி சொல்ல அழைத்துப் போகிறான். என் தோளைப் பார்த்து, "துண்டு எடுத்தாந்தியாண்ணா?" என்றான். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தையின் காலில் துணி சுற்றியிருந்தது.

கோர்ட்டுக்குள் நுழைந்ததும் மனசுக்குள் ஜெபிக்க ஆரம்பித்தேன். பொடி போடுவதை விடுகிறேன், காப்பியை விடுகிறேன், சபையில் ஜோக் சொல்வதையும் விடுகிறேன் என்று ஆண்டவருக்கு வரிசையாக வாக்குக் கொடுத்தேன். இதில் எதையும் நான் விடவில்லை என்பது அவருக்கும் உங்களுக்கும் தெரியும்.

எஸ்தர் கூண்டில் ஏறி வேதத்தின் மேல் கை வைத்தாள். உன் கணவர் ஐந்து ரூபாய் கொடுத்ததைப் பார்த்தாயா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். பார்த்தேன் என்றாள். வீட்டுக்காரர் கையால் வாங்கினாரா? வாங்கினார். அவர் உட்கார்ந்துவிட்டார். என் உயிரும் கூடவே உட்கார்ந்தது. என் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதற்காகக் கொடுத்தார்?

எஸ்தர் வேதத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"பூசணிக்காய்க்குங்க. மூணு நாளு கூட்டு வெச்சேன். மொத நாளு அண்ணன் வூட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன். அண்ணி நல்லாருந்துச்சின்னு சொன்னாங்க."

அந்தக் கூட்டை நானும் தின்றிருக்கிறேன். எந்தப் பூசணிக்காய் என்று தெரியாமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். நீதிபதியான முன்சீப், "அப்படியானால் வாதியும் கொஞ்சம் வாடகையைத் தின்றிருக்கிறார்," என்றார். கோர்ட்டே சிரித்தது. ஏசுரத்தினமும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு எனக்கு. ஒரு மாதத்தில் அவன் காலி செய்ய வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அன்று சாயங்காலம் ஊர் திரும்பி, கூடத்தில் வக்கீல் கொடுத்த காகிதத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் ஏசுரத்தினம் கத்துவது கேட்டது. ஏதோ பாத்திரம் உருண்டது. குழந்தை அழுதது. எஸ்தர் குரல் வரவில்லை. அது வராததுதான் என்னைப் பயமுறுத்தியது. டிரங்குப் பெட்டியைத் தள்ளினேன். ஓட்டையில் வாயை வைத்தேன்.

"டேய் ரத்தினம். இங்க எல்லாம் கேக்குது. அவ மேல கை பட்டுச்சின்னா இந்தச் சொவத்த ஒடச்சிக்கினு வருவேன். ஒடைக்கவும் வேணாம், நீயே உப்புப் போட்டு அரிச்சி வெச்சிக்கிற."

சத்தம் நின்றது. உதிர்ந்த மண்ணும் உப்பும் என் வாய் நிறைய. துப்பக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கையில் இருந்தது அவனைத் தெருவில் நிறுத்துகிற காகிதம். அவனோடு அவளையும், புண்ணான காலோடு அந்தக் குழந்தையையும் நிறுத்துகிற காகிதம். தோலை எடுத்துவிடும், எங்களை எடுத்துவிடாதேயும் என்றல்லவா அவள் கேட்டாள். அவள் ஜெபத்தில் பாதிதான் நிறைவேறியிருந்தது. மீதிப் பாதி என் கையிலிருந்த அந்தக் காகிதத்தில் இருந்தது.

மறுநாள் என் தோஸ்த், டேனரிக்காரர் காதர் சாயபுவிடம் போனேன். வியாபாரம் படுத்ததால் பாலாற்று ஓரத்தில் அவர் ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. கேட்டதும் சாவியை எடுத்துப் போட்டார். "பச்சைத்தோல் கெட்டா எவனுக்கும் பிரயோசனம் இல்லப்பா, கொண்டாந்து போடச் சொல்லு," என்றார். பிறகு ஏசுரத்தினத்தைக் கூப்பிட்டு மூன்று நிபந்தனை சொன்னேன். தோல் இன்றைக்கே வண்டி ஏற வேண்டும். சுவரை அவன் செலவில் செங்கல்லால் கட்ட வேண்டும். முத்திரைத் தாளில் வாடகைப் பத்திரம் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். மூன்றையும் செய்தால் இந்தத் தீர்ப்பு பெட்டிக்குள் தூங்கும், செய்யாவிட்டால் எழுந்து வரும் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன். கை குலுக்க வந்தான். துண்டைக் கீழே வைத்துவிட்டு வா என்றேன்.

தை பிறந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். பழக்கத்தில் மூக்கைப் பொத்தினார், கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார், புதுச் செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தையின் கால் ஆறிவிட்டது. இப்போது என் பக்கத்து வாசலில் ஓடுகிறது, என் பொடி டப்பாவைத் திறந்து தும்முகிறது.

என் கோபம் முழுவதும் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்கு முன்னால் சத்தமாகப் பாடும்போது இன்னும் எனக்கு உள்ளே கொதிக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற இடத்தில் இப்போது இருமல் வருவதில்லை. மெதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சாட்சி என்னுடையது அல்ல, எஸ்தருடையது. புருஷனை வைத்துக்கொண்டு சபையில் எழுந்து நிற்க அவளுக்கு மனம் இல்லை. அண்ணன் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள் என்றாள். நான் கேட்ட இடியைக் கொடுக்காத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவள் கேட்டதை முழுவதும் கொடுத்தார், அவள் எனக்காகக் கேட்ட புத்தி உட்பட.

வீட்டை வாடகைக்கு விடுகிற சகோதரரே, பத்திரம் எழுதுங்கள். ஆபத்தில் இருக்கிற சகோதரரே, ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். கோபத்தோடு போனாலும் கேட்கிறார், நான் போய்ப் பார்த்தவன். ஆனால் இடி கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் வாயை மூடி, சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாராவது முட்டி போட்டிருக்கிறார்களா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.