லேபிளின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாள்

அடையாறில் மகள் கூட்டிப்போன காபிக் கடையில், நுரைக்கு அடியில் காபி என்று ஏதாவது இருக்கிறதா எனக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தேன். சுபாவமே அப்படி, பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. ஓர் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கெஞ்சும் பழைய இங்கிலீஷ் சோல் பாட்டு. சட்டென்று முகப்பவுடர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

காரணம் இருக்கிறது. என் வாலிபத்தில், சாந்தோமில் ஈஸ்டர் ராத்திரிப் பூசை முடிந்ததும் சர்ச்சின் பங்கு ஹாலில் விடிய விடிய நடனம். கால் வழுக்கிக்கொண்டு போகத் தரையெல்லாம் பவுடர் தூவுவோம். விளக்கை அணைக்கக் கூடாது என்பது ஃபாதரின் நிபந்தனை. போதாக்குறைக்குச் சுவரோரம் நாற்காலி போட்டு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அப்படியும் ஆடினோம் ஐயா, சட்டை பிழியப் பிழிய.

இசைத்தட்டு போடுவது நானும் என் நண்பன் சேவியரும். கப்பலில் வேலை பார்த்த அவன் மாமா கொண்டுவந்த தட்டுகள். பாட்டின் பெயர் வெளியே தெரிந்தால் மற்ற ஹால்காரர்களும் தேடிப் பிடித்துவிடுவார்கள் என்று லேபிளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவான். இந்த ஜோடிப் பாட்டுக்கு மட்டும் எனக்குக்கூடப் பெயர் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தல்தான்.

ஒரு வருஷம் கே.கே. நகர் பையன்கள் வைத்த நடனத்துக்கு இருவரும் போயிருந்தோம். அங்கே இதே பாட்டு ஓடியது. சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"நீதானே சொன்ன?"

"எனக்கே பேரு தெரியாது மச்சி. இன்னான்னு சொல்லுவேன்?"

"தாளைக் கிழிச்சுப் பாத்திருப்ப."

இவனே பெயரைச் சொல்லிவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறான் என்று நானும் முடிவுகட்டினேன். அதோடு பேச்சு நின்றது.

பக்கத்து மேசைப் பெண்ணிடம் பாட்டின் பெயரைக் கேட்டேன். அவள் போனைப் பாட்டு வந்த பக்கம் தூக்கிக் காட்டினாள். பெயர் திரையில் வந்துவிட்டது.

"அங்கிள், அந்தக் காலத்துல செம ஹிட்டாம். எல்லா ஊர்லயும் வித்திருக்கு."

நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னேன். அதையேதான் சொன்னது. கே.கே. நகர்க்காரர்கள் பேசாமல் கடையில் வாங்கியிருப்பார்கள். அவனும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மகளை அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்து சாந்தோம் போனேன். சேவியர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஹாலையும் இடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேவியரா? அப்டி யாரும் இங்க இல்லியே சார். அவருக்கு நீங்க இன்னா வேணும்?"

நண்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே சந்தேகமாக இருந்தது.