ஆளைக் கண்டால் நடக்க வேண்டும்

போன வருடம் மலையோட்டப் போட்டிக்குப் போனவன், தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

போட்டி என்றால் பெரிய போட்டிதான். அக்கரப்பத்தனைப் பக்கம் விடியற்காலையில் புறப்பட்டு, தேயிலை மலை, காடு, புல்வெளி, ஓடை என்று ஏறி இறங்கி, பின்னேரம் லிந்துலை டவுனில் முடியும். வழியில் எங்கள் தோட்டத்து ஸ்டோர் வருகிறது. தேயிலை அரைக்கிற ஃபெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். குறித்த நேரத்துக்குள் ஸ்டோரைத் தாண்டிவிட வேண்டும். நேரம் முடிந்ததும் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிடுவார்கள்; பிந்தி வருகிறவர்களுக்கு ஓட்டம் அங்கேயே சரி. போன வருடம் நான் போய்ச் சேர்ந்தபோது, கயிறு கட்டியவர்கள் சோற்றுப் பார்சலையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தை இறக்கிவிட்டுத் திரும்புகிற லொறியில் என்னை ஏற்றிவிட்டார்கள். வெறும் சாக்குகளின் மேல் படுத்தேன். பச்சைக் கொழுந்து வாசம் இருக்கிறதே, அது தாலாட்டு மாதிரி, தூங்கிவிட்டேன். எங்கள் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தடியில் என் மனைவியும் அக்கம்பக்கத்தவர்களும் செவ்வந்தி மாலையோடு ரோட்டோரம் நின்றார்களாம். லொறி நின்ற குலுக்கலில் விழித்து, தலையெல்லாம் தேயிலைத் தூசோடு எழுந்து உட்கார்ந்தேன். பிறகு என் மனைவியின் அண்ணன், கொழுந்து எடுப்பதை மேற்பார்க்கிற கங்காணி, மாலையை வாங்கி லொறியின் முகத்தில் போட்டார்.

“ஓடி வந்தது இதுதானே” என்றார்.

அன்றிலிருந்து என் பெயர் லொறி. டவுனில் நான் வைத்திருக்கிற ஃபோன் திருத்துகிற கடைக்கு வருகிறவர்களும், “லொறி இருக்காரா?” என்றே கேட்டார்கள். அவர்கள் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் யாரோ கேட்டதற்கு நானே “ஆமாங்க, லொறிதான் பேசுறேன்” என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த வருடம் கயிறு கட்டுவதற்கு முன்னால் ஸ்டோரைத் தாண்ட வேண்டும். தாண்டி, லிந்துலைவரைக்கும் என் சொந்தக் காலில் போக வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் பின்கட்டைப் பார்த்தாள். அங்கே நான் கட்டிய கோழிக்கூடு இருந்தது. அதற்குக் கதவு வைக்கவில்லை. கோழிகள் நல்ல சுபாவம் உள்ளவை, இன்னும் போகாமல் இருக்கின்றன.

“இதையாவது முழுசா முடிங்க” என்றாள்.

பயிற்சி தொடங்கியது. பெரட்டுக்கு ஆட்கள் சேர்ந்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். லயத்து நாய்கள் முதல் வாரம் துரத்தின. இரண்டாவது வாரம் குரைத்ததோடு சரி. பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. என் வேகம் எவ்வளவு என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

பனிமூட்டத்துக்குள் ஓடுவது ஒருவகைத் தூக்கம். முன்னால் நாலு தேயிலைச் செடி தெரியும், பின்னால் நாலு செடி தெரியும். மீதி உலகத்தை யாரோ எடுத்து வைத்துவிட்டிருப்பார்கள். ஏற்றம் எங்கே முடிகிறது என்று தெரியாததால் பயமும் இருக்காது. சவுக்கு மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஏதோ ஒரு கோவிலிலிருந்து பாட்டு ஒன்று காற்றில் கரைந்து வரும். மூச்சு முதலில் என்னுடையதாக இருக்கும். கொஞ்சம் ஏறியதும் அது மலை விடுகிற மூச்சு போலவும், நான் அதற்குள் போய் வந்துகொண்டிருக்கிறவன் போலவும் தோன்றும். சில சமயம் பனி சட்டென்று விலகி, தூரத்தில் லிந்துலையின் விளக்குகள் பள்ளத்தில் கொட்டிய மிளகாய் விதை மாதிரி கிடக்கும். பார்த்துக்கொண்டே ஓடித் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்திருக்கிறேன். அட்டைகள் கணுக்காலில் ஏறிக்கொள்ளும். கூட வருவதற்கு அவையாவது இருந்தன.

அப்படியொரு மயக்கத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அன்று கடை மூடியிருந்தது, அதனால் நேரம் கழித்து வெயில் ஏறிய பிறகு ஏழாம் நம்பர் மலைப் பக்கம் ஓடினேன். மலை என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு துண்டையும். எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. தூறல் பிடித்தது. ஜாக்கெட்டைக் கழற்றித் தலைமேல் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துச் சிலந்தி வலை ஒன்று முகத்தில் ஒட்டியது. இரண்டு கையையும் வீசித் தட்டிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் தலையை மூடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு ஒரு மனிதன் தேயிலைக்குள் ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குளவி கலைந்துவிட்டது.

கீழே நிரையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். “கொளவி!” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நொடி அத்தனை பேரும் கொழுந்தைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் ஓடுவதைப் பார்த்த நான், காரணம் நான்தான் என்று நினைக்கவில்லை. ‘ஐயோ, குளவி வந்துவிட்டது போலிருக்கிறதே’ என்று நினைத்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தேன். நான் பறப்பதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்களைப் பார்த்து நான், என்னைப் பார்த்து அவர்கள் என்று மலை முழுக்க இறங்கி, ஸ்டோர் வாசலில் போய்த்தான் நின்றோம். ஒரு குளவியையும் காணவில்லை. என் வாழ்நாளில் அந்தச் சரிவை அவ்வளவு சீக்கிரம் நான் இறங்கியதில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் என் மனைவி நொண்டிக்கொண்டு வந்தாள். அவளும் அந்த நிரையில்தான் நின்றிருக்கிறாள். கானைத் தாண்டும்போது விழுந்து, முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

“இந்த மலையிலதான் போன தடவை கொழுந்து எடுத்த அந்த அம்மா கொளவி கொட்டிச் செத்துப்போச்சு” என்றாள். “இங்க வந்து கையை ஆட்டிக்கிட்டு ஓடுறீங்க.”

சிரிக்கிறவன் என்று பேர் எடுத்தவனுக்குச் சிரிக்க முடியாத இடம் ஒன்று வரும்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. திரும்ப மலைக்கு ஏறி, அவர்கள் போட்டுவிட்டு ஓடிய கொழுந்தைப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தேன். முற்றல் இலையும் புல்லும் சேர்த்துப் பொறுக்குகிறேன் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சங்கதி, தோட்டத்தை நடத்துகிற தொரையின் காதுக்குப் போனது. தேயிலைக்குள் இனி யாரும் ஓடக்கூடாது என்று உத்தரவு. என் பயிற்சியும் போனது, போட்டியும் போனது என்று இருந்தேன். கங்காணி மச்சான்தான் ஆபீசுக்குப் போய்ப் பேசினார். பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

“மச்சான், ரோட்டுல ஓடினா பஸ்ஸு தொரத்தும், நீயும் கொஞ்சம் வேகமா ஓடுவ. அது ஒனக்குப் பிடிக்காது. சரி, ஆள் இல்லாத மலையில ஓடு. ஆளைக் கண்டா நட. தலையில எதையும் போடாத. கையைத் தொங்கவிட்டு நட. ஒத்துக்கிறியா?”

ஒத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் பயிற்சியாளர் என் மனைவிதான். பொழுது சாய்ந்து வேலை விட்டு வந்ததும், மறுநாள் கொழுந்து எந்த மலையில் என்று சொல்வாள். “நாளைக்கு மூணாம் மலையில நிக்கிறோம். நீங்க பத்தாம் மலைக்குப் போங்க” என்பாள். முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே சொல்வாள். கொழுந்து துளிர்க்கிற முறைப்படி அவர்கள் ஒவ்வொரு மலையாகச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நான் சுற்றினேன். அவர்கள் மேட்டில் நின்றால் நான் பள்ளத்தில் இருப்பேன். பனிக்குள் சில நேரம் அவர்களின் பேச்சும் சிரிப்பும் மட்டும் எங்கோ மேலேயிருந்து மிதந்து வரும், ஆகாயத்தில் கொழுந்து எடுக்கிற மாதிரி.

தப்பித்தவறி எதிர்ப்பட்டுவிட்டால் நடப்பேன். செடிகளுக்கு மேல் தலைகள் தெரிந்த உடனே கால் தானாக மெதுவாகும். கைகள் தொங்கும். மரண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி அவர்களைக் கடந்து போவேன்.

“என்னா லொறி மாமா, பெட்ரோல் இல்லையா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“டீசல்டி அது” என்று இன்னொருத்தி திருத்துவாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையின் குளிர், நெற்றி விளக்குகளின் வரிசை, அக்கரப்பத்தனைக்கு மேலே முகில் திறந்து மூடுவது, எல்லாம் யாரோ எனக்குச் சொன்ன கதை போலத்தான் நினைவிருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த பையன்கள் ஆடு மாதிரி பாய்ந்து போனார்கள். காட்டுக்குள் தனியாக ஓடினேன். புல்வெளியில் தனியாக ஓடினேன். ஒரு கட்டத்தில் கால்கள் வலியை நிறுத்திவிட்டு, வேறு யாருடைய கால்களோ என்பது மாதிரி கீழே போய்க்கொண்டிருந்தன. நேரத்தைப் பார்த்தேன். கஷ்டம், ஆனால் முடியும். ஏழாம் மலையை ஓடி இறங்கினால் ஸ்டோர்.

ஏழாம் மலையில் தூறல். திருப்பத்தில் திரும்பினேன். செடிகளுக்கு மேல் தலைகள்.

கொழுந்து அதிகமாகத் துளிர்க்கிற காலத்தில், ஞாயிற்றுக்கிழமையிலும் விருப்பமானவர்கள் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் மண்டையில் எதுவும் ஓடவில்லை. கால்கள் நின்றன. கைகள் தொங்கின. நான் நடந்தேன்.

கீழே ஸ்டோருக்கு முன்னால் இரண்டு பேர் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது. அது ஏதோ படத்தில் நடப்பது போல இருந்தது. நான் பாட்டுக்கு நடந்தேன்.

“மாமா, ஓடுங்க! இன்னைக்கு ஓடலாம்!”

“ஆள் நிக்கிறீங்களே” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

“மச்சான்! கயிறு!” என்று கங்காணி கத்தினார். நான் அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினேன். கால்களுக்கு அந்த ஒரு சட்டம்தான் தெரிந்திருந்தது. எத்தனையோ விடியல்களாகப் பழக்கியது நான்தானே.

அப்போது நிரையின் நடுவிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று கிளம்பியது.

“கொளவி!”

அந்தச் சொல் காதுக்குப் போகிறதா காலுக்குப் போகிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மலை முழுவதும் சேர்ந்து “கொளவி! கொளவி!” என்று கத்த, நான் ஜாக்கெட்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, செடி எது பாதை எது என்று பார்க்காமல் பாய்ந்தேன். பாதிச் சரிவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் ஓடவில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளியபடி, கண்ணை மட்டும் என்மேல் வைத்திருந்தாள்.

கயிறு பிடித்தவர்களில் ஒருவன் சிங்களப் பையன். நான் வருகிற கோலத்தைப் பார்த்துப் பயந்து, “துவன்ன! துவன்ன!” என்று தானும் ஓடிக்கொண்டே என்னையும் ஓடச் சொன்னான். கயிறு அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

லிந்துலைக்கு நான்தான் கடைசி. முடிவு வளைவின் ஒரு காலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சாய்ந்து நின்ற மற்றப் பாதிக்குக் கீழே குனிந்து போனேன். எனக்குப் பின்னால், யாராவது விழுந்தால் ஏற்றிக்கொள்ள என்று அனுப்பிய லொறி, கடைசிவரை வெறுமையாகவே உருண்டு வந்தது. டிரைவர் இறங்கி என் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டேன், “கொளவின்னு கத்தினா எல்லாரும் ஓடியிருப்பாங்களே? விழுந்திருப்பாங்களே?”

“காலையில பெரட்டுலயே சொல்லிட்டோம்” என்றாள். “நீங்க ஆளைக் கண்டா நடப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் கத்தினா யாரும் அசையக் கூடாதுன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு.”

சொல்லிவிட்டு, நான் நீட்டிய கால்களிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக உப்புப் போட்டு எடுத்தாள். அவள் முழங்காலில் காயம் ஆறிய இடம் வெளுப்பாக, சின்ன இலை மாதிரி இருந்தது.

லொறி என்ற பெயர் ஒழிந்தது. திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது முதலில் வந்தவர், “கொளவி இருக்காரா?” என்று கேட்டார்.

அன்று பின்னேரம் கோழிக்கூட்டுக்குக் கதவு வைத்தேன். கோழிகளுக்கு அது பிடிக்கவில்லை.

“நாளைக்கு நாங்க ஒம்பதாம் மலை” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.