எந்த மூணு சக்கர வண்டி?

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தள்ளுவண்டின்னா எதும்மா? இட்லிக் கடை போடவா, காய்கறி விக்கவா?" என்று கேட்டார். காரைக்கால் கடைத்தெருவில் பிளாஸ்டிக் குடத்திலிருந்து தொட்டில் கம்பி வரைக்கும் எல்லாம் வைத்திருக்கிற கடை அது. இல்லை, குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி, மூன்று சக்கரம் வைத்தது என்று விளக்கினேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நடைவண்டின்னு சொல்லுங்க!" என்று உள்ளே போனவர், சிவப்பும் பச்சையும் அடித்த மர நடைவண்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "பாப்பா இதைப் புடிச்சிகிட்டு நின்னுச்சுன்னா போதும், அதுவா தள்ளிகிட்டு நடந்துரும். என்ன வயசு ஆவுது?"

இரண்டரை முடியப்போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணு முடிஞ்சிருக்குங்க" என்று பொய் சொல்லிவிட்டு, மறுபடி வருகிறேன் என்று இன்னொரு பொய்யையும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் காட்டிய வண்டி எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அதுதான் என் பிரச்சினையே.

என் மகள் சிரிப்பாள், கை தட்டுவாள், மீன்காரரின் ஹாரன் தெருமுனையில் கேட்கும்போதே "மீனு" என்பாள். நிற்க மட்டும் மாட்டாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் முட்டி இரண்டும் மடங்கிக்கொள்ளும். டாக்டர் ஒவ்வொரு முறையும், "சில குழந்தைங்களுக்கு லேட் ஆகும்மா. பயிற்சிய விடாம குடுங்க. இப்பவே எதுவும் சொல்ல முடியாது" என்பார். அந்த 'இப்பவே' முடிகிற மாதிரி தெரியவில்லை. நானும் காலையில் அலுவலகம் கிளம்பும் முன்னும் சாயங்காலம் வந்த பிறகும், சுருட்டிய போர்வைமேல் அவளைக் குப்புறப் போட்டுக் காலை நீட்டி மடக்குவேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கிளுகிளுவென்று சிரிப்பாள். எனக்கு அழுகை வரும். காலை நான் மடக்கலாம், நீட்டலாம். அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை.

நடைவண்டியை வாங்கி வந்தது என் மாமனார். மாமியார் காலமான பிறகு அவர் காரைக்காலில் எங்களோடுதான் இருக்கிறார். ஆனாலும் அம்பகரத்தூரில் உள்ள நிலத்தை விட மனசில்லாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வயலைப் பார்த்துவிட்டு வருவார். பேத்திக்கு ஒரு வயது முடிந்த சமயம், அம்மன் கோயில் திருவிழாக் கடையில் அதை வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் கையைப் பிடியில் வைத்து நிறுத்திப் பார்த்தார். முட்டி மடங்கியது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தாள். "அதுக்கென்ன, நாளு இருக்கு" என்று அவரும் சேர்ந்து சுற்றினார்.

அன்றிலிருந்து அந்த வண்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்து மூலையில் நின்றது. எங்கள் ஹால் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் நிற்க வேண்டிய அளவு. போகும்போதும் வரும்போதும் என் கால் சுண்டுவிரல் அதில்தான் போய் இடிக்கும். இடித்த வலியோடு, "சனியனே, உன்ன வெறகா ஒடைச்சு அடுப்புல வைக்கிறேன் பாரு" என்று அதை ஓர் ஆள் போலத் திட்டியிருக்கிறேன். கொஞ்சம் நகர்த்தி அறைக்குள் வைக்கலாம் என்றால் மாமனார் விடமாட்டார். "கண்ணுக்கு எதுர இருந்தாத்தாம்மா புள்ளைக்கு புடிச்சு எந்திரிக்கணும்னு தோணும்" என்பார். தினமும் ஒரு துணியால் அதைத் துடைத்தும் வைப்பார். அவர் துடைப்பதைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பாக வரும்.

வீட்டுக்குள் இப்படி என்றால் வெளியில் வேறு மாதிரி. குழந்தை வளர்கிறாள், என் இடுப்பு வளரவில்லை. பஸ்ஸில், கோயிலில், மளிகைக் கடையில், யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: "இவ்ளோ பெரிய புள்ளைய ஏன் தூக்கிகிட்டு திரியிற? எறக்கி வுடும்மா, நடக்கட்டும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் திருப்பிக் கொடுக்கவும் முடிவதில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது, ஜுரம், தூக்கக் கலக்கம் என்று கைவசம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு பெண் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கடற்கரையோரம் ஓடுகிறாள். வண்டியில் இருக்கிற குழந்தைக்கு நாலு வயதாவது இருக்கும். நன்றாக ஓடக்கூடிய பிள்ளை, காலை ஆட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது. அதை ஏன் இறக்கிவிடவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்குப் பொறி தட்டியது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் நடக்கிற குழந்தையும் நடக்காத குழந்தையும் ஒன்றுதான்.

கடைத்தெருவில் கிடைக்காததால் போனில் தேடினோம். நாலு சக்கரத்தில் நிறைய வகை இருந்தது, விலையும் குறைவு. ஆனால் அதெல்லாம் கைக்குழந்தை வண்டி, குட்டிக் குட்டிச் சக்கரமும் கரடி பொம்மைத் துணியுமாக. அதில் என் மகளை உட்கார வைத்தால் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். மூன்று சக்கர வண்டிதான் ஓடுகிறவர்களின் வண்டி மாதிரி, ஷோக்காக இருந்தது. "நம்ம புள்ளைக்கு ஒரு கொறைன்னு பாக்கறவங்களுக்குத் தோணவே கூடாது. ஏதோ பவுசுக்கு வாங்கியிருக்காங்கன்னு வயிறெரியணும்" என்றேன் கணவரிடம். அவர் தலையாட்டினார்.

அவர் ஒரு மிக்ஸி ஜார் வாங்குவதற்கே ஒரு வாரம் படிக்கிற மனிதர். இதைக் கேட்க வேண்டுமா? முன்சக்கரம் தானாகத் திரும்ப வேண்டும், ஆனால் மேடுபள்ளத்தில் அதைத் திரும்பாமல் பூட்டவும் முடிய வேண்டும் என்றார். காற்றடிக்கிற டயர் என்றால் குலுங்காது, ஆனால் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று நானே சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டு, சைக்கிள் கடைக்காரர் சிரித்ததையும் பார்த்துவிட்டு வந்தேன். மடக்கினால் ஆட்டோவில் போகுமா, வாசல் நிலைக்குள் நுழையுமா என்று டேப் பிடித்து அளந்தோம். கடற்கரை மணலில் ஓடுமா என்று விற்கிறவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, எல்லாத் தரையிலும் ஓடும் என்று பதில் வந்தது. எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவப்பா சாம்பலா என்று இரண்டு நாள் போனது. இத்தனையையும் நான் ஒருவித சந்தோஷத்தோடு செய்தேன் என்று சொல்ல வேண்டும். குழந்தையின் கால் விஷயத்தில் தேர்ந்தெடுக்க எங்களுக்கு யாரும் எதையும் தரவில்லை. சக்கரத்திலாவது தேர்ந்தெடுக்க இவ்வளவு இருந்தது.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "உக்கார வச்சே தள்ளுனா புள்ள எப்பம்மா நடக்கும்?" என்றார்.

அது என் பயமும்தான். அதனாலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "நீங்க வாங்கியாந்த வண்டியில மட்டும் நடந்துட்டாளா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வண்டி வந்தது. சாம்பல் நிறம், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு பெரிய சக்கரம். கணவர் முன்சக்கரத்தைத் தலைகீழாக மாட்டி, வீடியோ பார்த்துக் கழற்றி, மறுபடி மாட்டினார். மகளை உட்கார வைத்துப் பெல்ட் போட்டதும் அவள் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி எங்களைப் பார்த்தாள். "வண்டி, போ!" என்று உத்தரவும் போட்டாள். நான் ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டேன். மூவரும் கடற்கரைக்குக் கிளம்பினோம்.

நடைபாதைக்கு வந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நல்ல காற்று. காரைக்கால்மேட்டுப் படகுகள் தூரத்தில் தெரிந்தன. எதிரே வந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். யாரும் இறக்கிவிடச் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஒரு பையன், தனக்கும் அதில் உட்கார வேண்டும் என்று அடம் பிடித்து அழுதான். அவன் அழுதது எனக்கு எவ்வளவு இனித்தது என்று வெளியே சொல்ல முடியாது. கால் மிதக்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் ஓடக்கூடச் செய்தேன்.

திரும்பும் வழியில் மாங்காய்க் கீற்று விற்கிற அம்மாவிடம் நின்றோம். அவர் மாங்காயை அரிந்துகொண்டே வண்டியை ஆசையாகப் பார்த்தார்.

"கவருமெண்டுல குடுத்ததாம்மா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்னது?"

"மூணு சக்கர வண்டிதாம்மா. எங்க அண்ணன் மவனுக்கும் குடுத்தாங்க, அவனுக்கு ரெண்டு காலும் வெளங்காது. அவன் கையாலயே சுத்திகிட்டு ஊரெல்லாம் போயி வந்துருவான். சின்னப் புள்ளைங்களுக்கும் குடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்குக் காலு பொறந்ததுலேர்ந்தேவா?"

சுரீரென்றது. எங்கள் ஊரில் மூணு சக்கர வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டு வாசலில், அலுவலகத்துக்கு வெளியே, தினமும் பார்க்கிறதுதானே? அத்தனை வீடியோவும் அத்தனை அளவும் பார்த்து, யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் தேடித் தேடி எடுத்தது, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடுகிற ஒன்றை. கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லலாம். எதை இல்லை என்பது?

"நடந்துருவா" என்றேன்.

"நடக்கும், நடக்கும். புள்ள மொகத்தப் பாத்தாலே தெரியுதே" என்று அந்த அம்மா மிளகாய்த்தூள் போடாமல் ஒரு கீற்றை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவள் புளிப்பில் முகத்தைச் சுளித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். எனக்கு அந்த அம்மாமேல் கோபப்படக்கூட வழியில்லை.

வீட்டுக்கு வந்தோம். மாமனார்தான் கதவைத் திறந்தார். குழந்தையை இறக்காமலேயே வண்டியை உள்ளே தள்ளினேன். நிலையில் இடிக்காமல் நுழைந்தது, அளந்ததுதானே. டிவிக்குப் பக்கத்து மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். "இங்க வுடும்மா, சரியா இருக்கும்" என்றார். விட்டேன். சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது, சுண்டுவிரல் எதிலும் இடிக்கவில்லை.

"நடைவண்டி எங்க மாமா?"

"பரண்ல எடுத்துப் போட்டுட்டேன். இதுக்கு எடம் வேணும்ல? நீயும் அதுல பொழுதன்னிக்கும் இடிச்சிக்கிறே." என் முந்தைய பேச்சை மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்தான் சொன்னார். "பூச்சி அரிக்காம சாக்குல சுத்தி வச்சிருக்கேன்மா. அடுத்த புள்ளைக்கு ஆவும்."

விதைநெல்லை எடுத்து வைத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. கணவருக்குத் தெரிந்தது, அவர் செருப்பைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அந்த மூலையைப் பார்த்தேன். தினமும் துடைத்தாரே, நகர்த்த விடாமல் காவல் காத்தாரே. அவர் நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு நம்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது.

"இந்தப் புள்ளைக்குத்தானே மாமா வாங்கியாந்தீங்க?"

அவர் முகம் மாறியது. ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். மகனை ஏற விடவில்லை, அவரே ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். சாக்குக் கயிற்றை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த மகள் அண்ணாந்து பார்த்து, "தாத்தா, வண்டி" என்றாள்.

நடைவண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மூலையில் சாம்பல் நிற வண்டி நின்றது. நாற்காலிப் பக்கம் பார்த்தார், ஜன்னலோரம் பார்த்தார். வேறு இடம் இல்லை. எங்கே வைக்கட்டும் என்று கேட்க நினைத்தவர்போல என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.