பதிமூணாம் வாய்ப்பாடு

இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறேன். நேற்றுக் குழம்பில் உப்புப் போட்டேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அந்த ஐப்பசியில் அந்த மனிதர் எந்தக் கையால் கதவைச் சாத்தினார் என்று கேளுங்கள், சொல்கிறேன். இடது கை. வலது கையில் மடித்த வெற்றிலை இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ரயில் பாதையோரமாக ஒற்றை வரிசையில் எட்டு வீடுகள். தண்டவாளத்தைச் சரிபார்க்கும் கேங் ஆட்களுக்காகக் கட்டியவை. அதை லைன் என்பார்கள், எங்களை லைன் ஆட்கள் என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்த கேங்கில் வேலை. லைனிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஏழு பேர். அதில் இரண்டு என்னுடையது: பெண் ஐந்தாவது, பையன் இரண்டாவது.

பள்ளிக்கூடம் ஊருக்குள் ஒரு கூரைக் கொட்டகை. அதை நடத்தியவரே தலைமை வாத்தியாரும். ஊரே அவரை மேனேஜர் சார் என்றது. அவருக்குக் கீழே இன்னொரு வாத்தியார். சர்க்கார் உதவியில் நடக்கும் பள்ளி என்பதால் தலை எண்ணிக்கைதான் அதற்கு மூச்சு. தலை குறைந்தால் இரண்டாவது வாத்தியார் போவார், இன்னும் குறைந்தால் பள்ளியே போகும்.

அந்த வருஷம் ஆரணியாறு கரை தாண்டி வந்தது. தரைப்பாலம் முழுகியது. கொட்டகை ஒரு பக்கமாகக் குந்தி, பிறகு படுத்தேவிட்டது. மேனேஜர் சார் தன் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, சாக்குக் கொங்காணி போட்டு ஏழு பிள்ளைகளையும் நான் கூட்டிப்போனேன்.

வாசலிலேயே மறித்தார்.

"இன்னாம்மா, ஏழையும் ஓட்டிக்கினு வந்துட்டே?"

"இஸ்கூலு இங்கதான்னாங்க சார்."

"இது ஊடும்மா. லைன் புள்ளைங்கள கூடத்துல உக்கார வெச்சா நாளைக்கு ஊர்ல எனுக்கு பதில் சொல்லி மாளாது. மழ நிக்கட்டும். கூரை போட்டதும் நானே ஆளனுப்பறேன்."

என் பையன் அவர் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் தலையை நுழைத்து எண்ணிவிட்டான். "பதினோரு பேருதான்மா. எடம் கீது."

மேனேஜர் சார் அவனைப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், உபகாரம் செய்கிற குரலில் சொன்னார்: "ஆஜர் போட்டுக்கினுதான் இருப்பேன். அவங்க வருஷம் ஒண்ணும் வீணாவாது. பேஜாரு பண்ணாம போம்மா."

இடது கையால் கதவைச் சாத்தினார்.

திரும்பி நடக்கும்போது மழை என் முகத்தில் விழுந்தது, நான் துடைக்கவில்லை. என் பெண் மட்டும் கேட்டாள்: "அப்ப நான் ஆறாவது போவ மாட்டனா?" பொன்னேரி ஹைஸ்கூலில் ஆறாவது. ரயிலேறிப் போகிற படிப்பு. எங்கள் லைனிலிருந்து யாரும் அந்த ரயிலில் படிக்கப் போனதில்லை. நான் திருவள்ளூரில் மிஷன் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். அதற்கப்புறம் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த ஆறாவது அவளுக்கு வேண்டும். அவளைவிட எனக்கு வேண்டும்.

"போவே," என்றேன். "அந்தாளு மூஞ்சி முன்னாடி போவே."

பாதையோரத்தில் சம்மட்டி, கடப்பாரை, கைவிளக்கு வைக்கிற குடிசை ஒன்று இருந்தது. பழைய கட்டைகளை நட்டு மேலே தகரம் போட்டது. சாமான்களை ஒரு மூலைக்குத் தள்ளினேன். தண்டவாளத்தில் குறி போடுகிற சாக்கட்டி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அதுவே எனக்குப் போதும்.

என் வீட்டுக்காரர் ஈரத்தோடு வந்து நின்று பார்த்தார். "சம்மட்டி வெக்கற எடத்துல சிலேட்டு கீது. மேஸ்திரி பாத்தா எனுக்கு சீட்டு கிழியும்."

"தண்டவாளத்த நீ பாத்துக்கோ. இவங்கள நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அவர் தகரத்தில் ஒழுகிய ஓட்டையைத் தாரால் அடைத்துவிட்டுப் போனார்.

வடக்கே பாதை அரித்துப்போனதால் ஒரு சரக்கு வண்டி எங்கள் பக்கத்தில் லூப் லைன் என்கிற ஒதுக்குப் பாதையில் வந்து நின்றது. நாள்கணக்கில் நின்றது. அதுதான் எங்கள் கரும்பலகை. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டில் பெரிய பெரிய எண்கள். சின்னவர்கள் படிப்பார்கள், பெரியவர்கள் கூட்டுவார்கள். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை கூட்டிக்கொண்டே நடந்தால் அரை நாள் போய்விடும். மழை ஓய்ந்த மத்தியானங்களில் இரும்பின் மேல் நீர்த்துளி வரிசையாகத் தொங்கும். தொடாமல் எண்ணு என்பேன். ஒன்று விழுந்தால் கழித்தல், ஒன்று திரண்டால் கூட்டல். என் பெண் அப்படித்தான் கணக்கைப் பிடித்தாள், விழுகிறவற்றைப் பார்த்துப் பார்த்து.

மார்கழியில் பனி. ஏழு பேரும் சாக்குக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார்கள். வாயைத் திறந்தால் வாய்ப்பாட்டோடு புகையும் வரும். பதிமூணாம் வாய்ப்பாட்டில் என் பையன் தினமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவான். ஏழு பதிமூணு தொண்ணூத்திமூணு. அந்தத் தொண்ணூத்திமூணைக் கேட்கும்போதெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் மேனேஜர் சார் சிரிப்பது போலிருக்கும். அவனை நான் அடித்ததில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். அடித்தேன். அந்த அடியெல்லாம் வேறொருவருக்குப் போக வேண்டியது.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, கலெக்டராக்காம வுட மாட்டியா? எம்புள்ள தூக்கத்துலயும் பதிமூணு பதிமூணா எண்றான். அவங்கப்பன் பேய் புடிச்சிகிச்சின்னு வேப்பில ஒடிச்சாந்துட்டாரு."

"வேப்பில அந்தாளுக்கு வெச்சிக்க," என்றேன்.

தை பிறந்தது. கொட்டகை எழுந்தது. ஆள் வரவில்லை, மேனேஜர் சாரே வந்தார். லைனுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றாமல் ரயில் பாதையின் ஜல்லி மேலேயே நின்றுகொண்டார்.

"நாளன்னிக்கி இன்ஸ்பெக்டர் வராரும்மா. ஏழு பேரையும் குளிப்பாட்டி அனுப்பு."

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. பேர் மட்டும் இருந்து ஆள் இல்லாத இடத்துக்கெல்லாம் அடுத்த ஊர்ப் பிள்ளைகளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி உட்கார வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அந்த அவசியம்கூட இல்லை, மூன்று மாதமாக அவர்கள் பேர் ஆஜர் பதிவேட்டில் வந்ததாகவே இருந்தது. இரவல் உடம்புக்குப் பதில் சொந்த உடம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அனுப்புகிறேன் என்றேன். உள்ளே வந்து பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன்: "இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாருன்னா, கேங் குடிசையில லைன் அம்மான்னு சொல்லணும். ஐப்பசியிலர்ந்து இஸ்கூலுக்கு நாங்க வர்லன்னு சொல்லணும்." ஏழு பேரும் திருப்பிச் சொன்னார்கள். பதிமூணாம் வாய்ப்பாட்டைவிடச் சீக்கிரம் மனப்பாடம் ஆனது. அந்த இரண்டு நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மாவரைக்கும்போது பாடினேன்.

அன்று கொட்டகைக்கு வெளியே, தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாவிலைத் தோரணம், சாணி மெழுகிய தரை. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், இருமல்காரர். என் பெண்ணை எழுப்பி ஒரு கணக்குக் கொடுத்தார். சிலேட்டைத் தொடாமலே சொன்னாள். இன்னொன்று. அதையும். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

தட்டியின் ஓலை என் விரலில் குத்தியது.

"சாருதான்," என்று என் பெண் மேனேஜரைக் காட்டினாள்.

அவள் சொன்னதையே மற்ற ஆறு பேரும் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மேனேஜர் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளத்திலும் விடாமல் நடத்தியிருக்கிறீர்கள் என்றார். மேனேஜர் சார் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். தட்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி? ஏண்டி அப்பிடிச் சொன்னே?"

"நாங்க வர்லன்னு சொன்னா ஆஜர் எல்லாம் பொய்யாப்பூடும். பொய்யாப்பூட்டா எனுக்கு வருஷம் போச்சு." அவள் அழவில்லை. "நீ ஜெயிக்கறதுக்கு நான் பெயிலாவணுமா?"

பத்து வயது. அந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும். அவர் எழுதிய பொய்யின் மேல்தான் என் பெண்ணின் ஆறாவது நின்றுகொண்டிருந்தது. பழிவாங்கும் ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. அதற்காக என் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரைப் பழிவாங்குவதைக் கைவிட்டதாக மட்டும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முழுப் பரீட்சை முடியும்வரை பொறுத்தேன். பிறகு லைனில் ஒவ்வொரு வீடாகப் போனேன். கேங் ஆட்களை வேறு பகுதிக்கு மாற்றுவது சாதாரணம். அப்போது பிள்ளைகளின் டி.சி. வாங்கிப் போவதும் சாதாரணம். மாற்றல் என்றால் டி.சி. மறுக்க முடியாது. முதலில் பக்கத்து வீட்டுக்காரி மேனேஜர் சாரிடம் போனாள். "எங்க ஊட்டுக்காரருக்கு அரக்கோணம் பக்கம் மாத்திட்டாங்க சார்," என்றாள். நாலு நாள் கழித்து அடுத்தவள். கடைசியாக நான்.

"நீயுமா?" என்றார். "நல்லா படிக்கிற பொண்ணு." சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜூன் வந்தது. யாரும் எங்கும் போகவில்லை. வராதவர்களை வந்ததாக அவர் எழுதினார், நாங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு போய்விட்டதாக எழுத வைத்தோம். என் பெண் பொன்னேரிக்கு ரயிலேறினாள். மற்ற ஆறு பேரும் தரைப்பாலத்துக்கு அப்பால் இருந்த ஜில்லா போர்டு பள்ளியில் சேர்ந்தார்கள். தலை குறைந்தது. மேனேஜர் சாரின் இரண்டாவது வாத்தியார் போனார்.

போர்டு பள்ளிக்குப் பாதையோரமாகவே நேர்வழி உண்டு. நான் அதில் கூட்டிப்போகவில்லை. தினமும் ஊரைச் சுற்றி, அந்தக் கொட்டகை வாசல் வழியாக, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொல்லி நடத்திப்போனேன். ஒரு நாள் என் பையன் பழைய இடத்தில் தடுக்கினான்.

"ஏழு பதிமூணு தொண்ணூத்திமூணு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொண்ணூத்தியொண்ணுடா."

கோபமில்லாத குரல். முப்பது வருஷப் பழக்கம் தானாகப் பேசியது. பையன் நின்று, "சரிங்க சார்" என்றான். என் நெஞ்சு இளகியது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். இளகவில்லை.

மறுநாள் வாசலுக்கு முன் அவன் காதில் சொன்னேன். "தொண்ணூத்திமூணுன்னே சொல்லு."

"அது தப்பும்மா."

"தெரியும். சொல்லு."

சொன்னான். கொட்டகையைத் தாண்டிப் பத்தடி வந்தபிறகுதான், பொறுக்கமுடியாமல், பின்னால் கேட்டது: "தொண்ணூத்தியொண்ணு." அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். சில நாள் உள்ளே பிள்ளைகள் சத்தம்கூட இருக்காது, அந்த எண் மட்டும் வரும். ஒரு மழைக்காலம் முழுக்க அவரை அப்படி இழுத்தேன்.

மறுவருஷம் ஒரு காலை கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதைக் கவனிக்காமல் பையன் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டான். ஏழு பதிமூணு தொண்ணூத்திமூணு. பதில் வரவில்லை. அவன் நின்று அந்தப் பூட்டைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தே, மெல்ல, "தொண்ணூத்தியொண்ணு" என்றான்.

அதை நான் சொல்லச் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.