பல் டாக்டர் பார்த்த கிட்டார்

"எங்க, ஆ காட்டு ராஜா" என்று கொஞ்சியபடி, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கிட்டாரின் வயிற்றுத் துளைக்குள் விடுகிறார் பல் டாக்டர். இன்னொரு கையில் டார்ச். அப்புறம் மூக்கை வைத்து ஒரு மோப்பம். புதுப் பசை வாடை அடித்தால் முகம் சுளிப்பார். பழைய மரத்தின் வாசனை வந்துவிட்டால் கண் சொருகிப்போகும். பஞ்சைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கூத்து.

ஊரில் எவர் வீட்டுப் பரணில் கிட்டார் கிடைத்தாலும் நேரே இவரிடம்தான் வரும். உள்கட்டையில் குத்திய எண், குறுக்குச் சட்டங்கள் ஓடும் விதம், தந்தி முறுக்கும் ஆணிகள் என்று துருவிப் பார்த்து வயசைச் சொல்லிவிடுவார். வாசிக்க மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. "மாட்டு டாக்டர் பால் கறக்கணும்னு சட்டமா என்ன?" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். அவர் மனைவி விடுவாரா? "வீட்ல பத்து கிட்டார் இருக்கு. பாட்டு கேக்கணும்னா ரேடியோதான்."

போன வாரம் மனைவியின் தம்பி கிளினிக்குக்கே ஒரு கையில் பழைய கிட்டாரும் மறு கையில் ரம்பமுமாக வந்து நின்றான். "மாமா, இதை நடுவுல அறுத்து அலமாரி பண்ணப்போறேன். எப்படி அறுத்தா பிளக்காதுன்னு பாத்து சொல்லுங்க."

டாக்டருக்குத் தெரிந்த கிட்டார்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மச்சினன் எங்கேயோ தேடிப்பிடித்து, ஆசை ஆசையாய் வாங்கிவந்து காட்டியது. அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மேதாவிக்குக் கண்ணாடி எதற்கு? துளையின் விளிம்பை ஒரு பார்வை பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தது. "ப்ளைவுட்டுடா! நல்லா தலையில கட்டிட்டான்!" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது.

இப்போது பழக்கதோஷத்தில் கண்ணாடியை உள்ளே விட்டார். மேல்பலகையின் வெளிப்புறத்தில் ஒரு கருரேகை இருந்தது. உட்புறத்திலும் அதே இடத்தில், அதே வளைவோடு அதே ரேகை. ப்ளைவுட்டில் அப்படி வரவே வராது. இது ஒரே மரம். அன்று அடுக்கு என்று நினைத்தது, விளிம்பில் அழகுக்கு ஒட்டிய பட்டை! வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும், கிட்டார் போய்விடும். மச்சினன் ரம்பத்தின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அறுக்காதடா!"

"ஏன் மாமா?"

"அசல் மரம்டா இது. அறுபது வயசாவது இருக்கும். நான்தான் ப்ளைவுட்."

மச்சினன் சிரிக்கவில்லை. "நீங்க அன்னிக்கு சொன்னதுக்கப்புறம் நான் இதை வாசிக்கவே இல்ல மாமா. எடுத்தாலே எல்லாரும் சிரிச்சதுதான் ஞாபகம் வரும்."

டாக்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சினன் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். மிச்சமிருந்த நாலு தந்திகளில் ஒன்றை மெல்ல முறுக்கிச் சுண்டினான். மூலையில் பல் குடையும் கருவிக்குக் காற்று அடிக்கும் மெஷின் உறுமிய உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் போய் மெஷினை நிறுத்தினார். பிறகு வாய் வீங்கிய இரண்டு பேருக்கு நடுவே இடம் கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.