கருப்பாயியின் கன்னத்துச் சூடு

மலாயாவின் உலு திராம் ரப்பர் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு என்றால் கருப்பாயியின் வாய்தான். கங்காணி பெயரைக் கூப்பிட்டால் "வந்தாச்சு" என்பதோடு நிறுத்தமாட்டாள். அவருடைய மீசைக்கோ தலைப்பாகைக்கோ ஒரு வார்த்தை சேர்ப்பாள். வரிசையே சிரிக்கும். இருபது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் அவளுடைய இடது கன்னத்தில்தான் அடங்கிக் கிடந்தன. 1935இல் அங்கே புண் வந்தது. பிறகு கட்டியானது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் புது முறை ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரத்தால் கட்டியைச் சூடாக்குவார். அந்தச் சூடு தணியுமுன் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சுவார். சூடேறிய கட்டி கதிருக்குச் சீக்கிரம் மடங்கும் என்று நம்பினார். மொத்தம் ஆறு தடவை. அதற்குள் கட்டி சுருங்காவிட்டால் தாடையை வெட்டி எடுக்க வேண்டும்.

டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெசர் அமலநாதன் தமிழில் சொன்னது இவ்வளவு: முதல் அறையில் சூடு, அடுத்த அறையில் கதிர், நடுவில் பெஞ்சில் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சூடு எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை.

துணைக்கு வந்தவள் அதே தோட்டத்தில் மரம் வெட்டும் தங்கை ராசம்மா. உடம்பில் சூடு ஏறினால் இறக்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அக்கா பெஞ்சுக்கு வந்ததும் போத்தலைத் திறப்பாள். பழைய சோற்று நீராகாரம், வழியில் சீனன் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டது. கருப்பாயி அதை வாய் நிறைய வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். எரிச்சல் தணியும். வாயைத் துடைத்துக்கொண்டு கதிருக்குப் போவாள்.

கட்டி சுருங்கவில்லை. ஆறாவது தடவை, அந்த வழியாக வந்த அமலநாதன் போத்தலைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"நீராகாரம்ங்க," என்றாள் ராசம்மா. "அவ்ளோ சூடு ஏத்துறாங்க, எறக்க வேணாமா?"

"எத்தன தடவ குடுத்த?"

"எல்லாத் தடவையும்."

அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பாயி நீராகாரத்தை விழுங்கினாள்.

"அவள ஏசாதீங்க ஐயா. நான்தான் கேட்டு வாங்கினேன்."

அது பொய். அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை.

தோல் ஏற்கெனவே கருகியிருந்தது, இனிக் கதிர் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுவாரம் தாடையின் இடப்பக்கத்தை எடுத்தார்கள், நாக்கில் பாதியோடு.

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி பெரட்டுக்கு வந்தாள். பெயரைக் கூப்பிட்டால் வெட்டுக் கத்தியால் ரப்பர் பால் வாளியை ஒரு தட்டுத் தட்டுவாள். மீதி வார்த்தைக்காகக் கங்காணி பழக்கத்தில் கொஞ்சம் நிற்பார். பிறகு ராசம்மாவின் பெயரைக் கூப்பிடுவார்.